பட்டன் இருக்கிறதே!

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் வேதியியல்

“டயரைப் பற்றியும் ஒரு கட்டுரையா?” என்று மலர்க் குழுவில் இருக்கும் என் நண்பன் சிரித்தான். சென்ற ஆண்டு மலரில் நிலவைப் பற்றி மட்டும் நான்கு கவிதைகள் வந்திருந்தன. நிலவில் வழுக்கி விழுந்தவர் நம் கல்லூரியில் எவருமில்லை. டயர் வழுக்கி விழுந்தவர்களை எண்ணினால் இரண்டு பெஞ்சு நிறையும். அவர்களுள் அடியேனும் ஒருவன். ஆகவே எழுத எனக்கு உரிமை உண்டு.

எங்கள் வீடு முத்தையாபுரத்தில். அம்மாவுக்கு முள்ளக்காட்டு உப்பளத்தில் வேலை. வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரை சேர்த்தாக வேண்டும் என்பதால் விடியற்காலை நாலரை மணிக்கே புறப்பட்டு விடுவாள். அண்ணன் 2015 ஆம் ஆண்டு இறுதியில் ஒரு நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் வாங்கினான். 2019 இல் குவைத்துக்குப் போய்விட்டான். நான் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், வண்டி முற்றத்துச் சுவரோரம் தார்ப்பாய்க்குள் நின்றது. அம்மா அதை வண்டியாகவா பார்த்தாள்? மகனாகவே பார்த்தாள். வெள்ளிக்கிழமை தோறும் துடைத்து விளக்குக்குக் குங்குமம் வைப்பாள். தார்ப்பாய் ஒரு முழம் குட்டை. முன் சக்கரம் மட்டும் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வெயிலும் கடற்காற்றும் மனிதனை வாட்டும், ரப்பரை என்ன செய்யும் என்று எண்ணினோம் போலும்.

நான் வண்டியை எடுத்தபோது மீட்டரில் பதினாலாயிரம் கிலோமீட்டர்தான். டயரின் பட்டன் எல்லாம் எடுப்பாக நின்றன. பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் கடை அண்ணாச்சி முன் சக்கரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “தம்பி, முன் டயர மாத்திரு. காஞ்சு போச்சு” என்றார்.

“பட்டன் இருக்கே அண்ணாச்சி!” என்றேன்.

“பட்டன் இருக்கு. டயர் இல்ல” என்றார் அவர். விற்பனைக்காகச் சொல்கிறார் என்று நினைத்து மனத்துக்குள் சிரித்துக் கொண்டேன்.

2023 ஏப்ரல். எதிர்பாராத கோடைத் தூறல். மழை கொட்டினால் சாலையைக் கழுவி விடும். தூறினால் புழுதியையும் எண்ணெயையும் லாரிகள் சிந்திய உப்பையும் குழைத்து வைத்துவிடும். திருச்செந்தூர் சாலையிலிருந்து உப்பளப் பாதைக்குத் திரும்பும் இடத்தில் குறுக்கே ஒரு நாய். முன் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்ததுதான் தெரியும். முன் சக்கரம் சோப்புக் கட்டிபோல் நழுவியது. நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். வேகம் முப்பதுகூட இருந்திராது.

எழுந்து உட்கார்ந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, “ஏல, வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே? அண்ணன் கேப்பாம்லா” என்பதுதான். அவளுடைய இடது மணிக்கட்டு அதற்குள் வீங்கிக் கொண்டிருந்தது. எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. உப்பு நன்றாக விளையும் ஏப்ரலும் மேயும் அவளுக்குக் கூலியில்லாமல் போயின.

நிற்க. வண்டியை உருட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குத்தான் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு ஈரத்துணியால் டயரின் பக்கவாட்டைத் துடைத்து, நீள்வட்டக் கட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3815. “படிச்ச பிள்ளதானே, என்னன்னு சொல்லு பாப்போம்?” எனக்குத் தெரியவில்லை. முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு ஆண்டு. 2015 ஆம் ஆண்டின் 38 ஆவது வாரம், அதாவது செப்டம்பரில் வார்த்த டயர். 2000 ஆம் ஆண்டு முதல் டயர்களில் இந்த நான்கு இலக்க முறைதான். விழுந்த அன்று என் டயருக்கு ஏழரை வயது. அந்தச் சனியன்தான் அது என்று அண்ணாச்சி சொன்னபோது, அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவர் டயரைக் கழற்றி, பக்கவாட்டை இரு கையாலும் மடக்கினார். மடக்காதவரை ஒன்றும் தெரியாத இடத்தில், கோடையில் வறண்ட குளத்து வண்டலைப்போல் வெடிப்பு வெடிப்பாகத் திறந்து கொண்டது. நகத்தால் குத்தினால் புது டயரில் நகம் சற்றே பதிந்து மீளும். இதில் பதியவே இல்லை. காய்ந்த ரப்பர் சாலையைப் பிடிக்காது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் வேதியியல் பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். அன்று அவர் சொன்னது பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே நான் படித்து மதிப்பெண் வாங்கியது! பக்கத்துக் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பகுதியில் மரத்திலிருந்து வடிக்கிறார்களே, அந்த இயற்கை ரப்பர் ஐசோப்ரீன் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. 1839 இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கி, சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடக் கண்டுபிடித்தார். அதனால்தான் ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிற்கிறது. ஆனால் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் மிச்சம் இருக்கின்றன. காற்றில் சிறிதளவு கலந்திருக்கும் ஓசோன் அவற்றைத்தான் தேடி வந்து அறுக்கிறது. வெடிப்பு அப்படி வருகிறது. ஆக்சிஜனோ வெப்பத்தின் துணையோடு உள்ளேயே புதிய பாலங்களைப் போட்டு ரப்பரை இறுக்குகிறது. தூத்துக்குடி வெயில் இந்த வேலைக்கு எவ்வளவு உதவியாக இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் என்னைத் திகைக்க வைத்தது வேறொரு செய்தி. ஓசோனைத் தடுக்க டயர்க் கலவையில் மெழுகும் சில காப்புப் பொருள்களும் சேர்க்கிறார்கள். சக்கரம் உருண்டு, டயர் வளைந்து நிமிரும்போது அவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து மெல்லிய போர்வையாகின்றன. வண்டி ஓடாமல் நின்றால் அந்தப் போர்வை சரியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. ஓடிய டயர் தேய்ந்து சாகும். ஓடாத டயர் தேயாமலே சாகும். அம்மா வண்டியைப் பாதுகாத்த மூன்று ஆண்டுகளில்தான் அது அதிகம் கெட்டிருக்கிறது! இதை இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.

நம் ஊரில் எது கெட்டாலும் உப்பின்மேல் பழி போடுவது வழக்கம். டயர் விஷயத்தில் அது முழுவதும் நியாயமில்லை. உப்பு தின்பது ரப்பரையன்று, இரும்பை. ரிம்மும் ஸ்போக்ஸும் துருவேறி, துருப்பொடி டியூபை உரசி, காற்று இறங்கும். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக மடங்கிச் சூடேறிச் சீக்கிரம் கெடும். ஆக உப்பு சுற்றுவழியாகத்தான் வருகிறது. உப்பளப் பாதையில் போய்வந்தால் நல்ல தண்ணீரால் சக்கரத்தைக் கழுவுங்கள். டயர் மாற்றும்போது டியூபையும் மாற்றிவிடுங்கள். பழைய டியூபைத் திணிப்பது வீண் சிக்கனம்.

தேய்மானத்தின் கணக்கு எளிது. பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும்; டயரின் ஓரத்தில் ஒரு முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ அந்த இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமானால் டயரின் காலம் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வண்டிக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. எஞ்சினின் இழுவை பின் சக்கரத்தில் விழுவதால் அதுதான் முந்தித் தேயும். எங்கள் தெரு வண்டிகளுக்குப் பின் டயர் இரண்டு மாற்றினால் முன் டயர் ஒன்று என்பது அண்ணாச்சியின் கணக்கு. இந்தக் கணக்கில்தான் ஆபத்தும் இருக்கிறது. தேயாத முன் டயரை நாம் மறந்தே போகிறோம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் வந்து விழுவதோ அதன்மேல்.

வயதுக் கணக்குக்கு வருவோம். பிரான்சு நாட்டு மிஷலின் நிறுவனம், ஐந்து ஆண்டு உபயோகித்த டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறது. வார்த்து 10 ஆண்டு ஆகிவிட்டால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கழற்றச் சொல்கிறது. பத்து என்பது எல்லை. அதுவரை ஓடும் என்ற உத்தரவாதம் அன்று. என்னுடையது ஏழரையிலேயே என்னைத் தள்ளிவிட்டது. புது டயர் வாங்கும்போதும் அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே கிடந்து கிழமானதும் உண்டு.

இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. 1961 இல் தூத்துக்குடிக் கடலில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பை இளைஞராக இருந்து பார்த்தவர் அவர். குளிப்புக்கு முன்னால் பாரில் கொஞ்சம் சிப்பி எடுத்து, அறுத்து, முற்றிவிட்டதா என்று அதிகாரிகள் சோதிப்பார்களாம். “முந்தி எடுத்தா முத்து இருக்காது. பிந்துனா சிப்பி தானா செத்து மண்ணுல கெடக்கும். மேல பாத்தா ரெண்டும் ஒரே சிப்பிதாம்ல” என்றார்.

கழற்றிய டயரைச் சித்தப்பா தருவைக்குளத்துக்கு எடுத்துப் போனார். படகோடு படகு உரசாமலிருக்க அவருடைய வள்ளத்தின் ஓரத்தில், கார் டயர்களுக்கு நடுவே அது ஒல்லியாகத் தொங்குகிறது. போகியன்று கொளுத்திப் புகை கிளப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

முன் டயரும் டியூபும் சேர்த்து 1,700 ரூபாய் ஆயிற்று. அம்மாவின் கூலியில் நாலு நாளுக்குக்கூட அது வராது. ஆறு வாரக் கூலி போயிற்று.

ஒன்றை மறைத்தே எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். அண்ணாச்சி எச்சரித்த அதே வாரம் நான் தொலைபேசியில் போகிற போக்கில் சொன்னதைக் கேட்டு, டயர் மாற்ற என்று அண்ணன் 2,000 ரூபாய் அனுப்பியிருந்தான். எங்கள் துறை கொடைக்கானல் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க அன்று கடைசி நாள். “பட்டன் இருக்கிறதே” என்று நான் அண்ணாச்சியிடம் மட்டுமா சொன்னேன்? எனக்கு நானே சொல்லிக் கொண்டது அது. கொடைக்கானலில் எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. “குளிருக்கு நல்லாத்தான் நிக்க” என்று அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டுவாள். மழை நாளில் அவளுக்கு இடது கையால் குடத்தை எடுக்க இன்றும் வராது.

மலர் வெளிவந்ததும் வீட்டுக்கு ஒரு பிரதி போகும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அண்ணனுக்கும் ஒன்று அனுப்ப வேண்டும்.