வீட்டுக்கு முன்னே உடையும் கியூப்

வலப்பனையில் சமதரை என்பது பெரும்பாலும் மனிதர் வெட்டி உண்டாக்கியதுதான். மேலே ராகலை, உடப்புசல்லாவை பக்கம் தேயிலை மலைகள். கீழே இறங்க இறங்க வயல்களும் காய்கறித் தோட்டங்களும். இன்னும் கீழே மகாவலி, ரந்தெனிகல நீர்த்தேக்கம். இந்தச் சரிவில் ஒரு வீடு எழும்ப வேண்டுமானால் முதலில் மலையை வெட்ட வேண்டும், வெட்டிய இடத்துக்குத் தாங்குசுவர் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் அத்திவாரம். 2007 ஜனவரி மழையில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தவிலும் மண் சரிந்து பல உயிர்கள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தையே உலுக்கியது. அதனால் இந்தப் பக்கத்தில் யார் எதைக் கட்டினாலும் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இது தாங்குமா?” என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். பாலம், அணை, மாடிக்கட்டடம், தோட்ட வீடு எல்லாவற்றுக்கும் பின்னால் அவர்கள் எழுதிய ஒரு தாள் இருக்கும். திறப்புவிழாக் கல்லில் அவர்கள் பெயர் வராது. பொருள்களின் வலிமையைச் சோதிக்கும் இந்தத் தொழிலுக்குள் நம் பிள்ளைகள் எப்படி நுழைகிறார்கள் என்று பார்க்கத்தான், வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத ஓர் இளம் பெண் பரிசோதனை உதவியாளரோடு போனேன். தோட்டத்தில் பிறந்தவர். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். உயர்தரத்தில் தொழில்நுட்பவியல் பிரிவு படித்தவர். 2013இல் அந்தப் பிரிவு தொடங்கப்படாதிருந்தால் தன்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கதவு இருப்பதே தெரிந்திருக்காது என்கிறார்.

நாங்கள் போன கட்டுமான இடத்தில் தாங்குசுவரின் அடித்தளத்துக்குக் கொங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவை மெஷின் கொட்டியதும் அவர் ஒரே இடத்திலிருந்து அள்ளவில்லை. குவியலின் நடுவிலும் ஓரங்களிலுமாகப் பல இடங்களில் எடுத்துத் தட்டில் புரட்டினார். பிறகு கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்லம்ப் கூம்பை வைத்தார். 300 மில்லிமீற்றர் உயரம், அடியில் 200, மேலே 100. மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இரும்புக் கோலால் 25 முறை குத்தினார். கூம்பை நேராக மேலே தூக்கியதும் கலவை அமர்ந்தது. எவ்வளவு அமர்ந்தது என்று அளந்தபோது, அனுமதித்த அளவை விட அதிகம்.

“தண்ணி கொஞ்சம் கூட ஊத்துனாத்தான் மூலை முடுக்கெல்லாம் ஓடும் பிள்ளை. எத்தன வருஷமா நாங்க இந்த வேலை பார்க்கிறோம்” என்றார் வயதான மேசன்பாஸ்.

“ஓடும் பாஸ் அண்ணே. ஆனா அந்தத் தண்ணி காஞ்சுபோற எடமெல்லாம் உள்ளுக்குள்ள ஓட்டையாத்தானே நிக்கும்? மழைத்தண்ணி அதுக்குள்ள போயி கம்பியப் புடிச்சிரும்.”

பாஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த கலவைக்குத் தண்ணீர் வாளியை எடுத்த பையனிடம், “அளவு பார்த்து ஊத்துடா” என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் தன் பங்குக்கு அளவைப் பதிவேட்டில் எழுதி, பொறியியலாளருக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்தக் கலவையை ஏற்பதா தள்ளுவதா என்பது அந்தப் பெண்ணின் கையில் இல்லை. அளந்ததை அளந்தபடி எழுதுவது அவர் கையில் இருக்கிறது. அமெரிக்கரான டஃப் ஏப்ரம்ஸ் 1918இல் வெளியிட்ட ஆய்வு, சீமெந்துக்குத் தண்ணீர் எந்த விகிதத்தில் சேருகிறதோ அதைப் பொறுத்தே கொங்கிரீட்டின் வலிமை அமையும் என்று காட்டியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கட்டுமான இடங்களில் நடக்கும் வாக்குவாதம் இந்த ஒரு வாளித் தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கிறது.

அடுத்தது கியூப். 150 மில்லிமீற்றர் கனசதுர அச்சுகள், உட்பக்கம் எண்ணெய் பூசி வரிசையாக இருந்தன. அடுக்கடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 குத்து, மூலைகளில் கூடுதல் கவனம். உள்ளே நூற்றுக்கு ஒரு பங்கு காற்று தங்கினாலே வலிமையில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு குறைந்துவிடும். ஆகவே சோம்பலாகக் குத்திய கை நல்ல கொங்கிரீட்டையும் கெட்டதாகக் காட்டும். மாறாக, கியூப்புக்கென்று மட்டும் சீமெந்து கூட்டித் தனிக் கலவை போடும் ஆட்களும் உண்டு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். அப்போது கெட்ட சுவருக்கு நல்ல சான்றிதழ் கிடைக்கும். முன்னதில் ஒப்பந்தக்காரருக்கு அநியாயம். பின்னதில் அந்தச் சுவருக்குக் கீழே தூங்கப்போகும் குடும்பத்துக்கு அநியாயம். இரண்டையும் எந்த இயந்திரமும் கண்டுபிடிக்காது. மாதிரி எடுக்கும் கையால்தான் தடுக்க முடியும்.

மலைநாட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியா மேட்டுப்பகுதியில் உறைபனி விழுகிறது. கியூப்பை அச்சோடு வெளியே விட்டுவிட்டால் ஏழாம் நாள் எண் தாழ்ந்து வரும், கலவையில் குறை என்று தோன்றும். அதனால் ஈரச்சாக்கு போட்டு மூடி, கொட்டகைக்குள் வைத்து, மறுநாள் அச்சைக் கழற்றி, வெப்பநிலை பார்த்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கவேண்டும். திகதி, இடம், தரம், மாதிரி எண் எல்லாம் அழியாத மையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எண் அழிந்த கியூப் எந்தச் சுவருக்கும் சாட்சி சொல்லாது.

ஏழாம் நாள் சில, இருபத்தெட்டாம் நாள் சில என்று கியூப்கள் உடைபடும். இருபத்தெட்டாம் நாள் உடைப்பைப் பார்க்க அந்தப் பெண்ணோடு கண்டிப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போனேன். ஈரம் காயாமல் எடுத்து, நிறுத்து, அளந்து, அச்சில் மேற்பக்கமாக இருந்த சொரசொரப்பான முகம் அழுத்தத் தட்டைத் தொடாதபடி பக்கவாட்டில் திருப்பி, தட்டின் சரியான நடுவில் வைத்தார்கள். கணக்கு எளியது. 150ஐ 150ஆல் பெருக்கினால் 22,500 சதுர மில்லிமீற்றர். கிரேட் 25 கொங்கிரீட் என்றால் சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். மொத்தம் 562.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 57 தொன் பாரம். அந்தச் சிறிய முகத்தின் மேல் அவ்வளவும் ஏறவேண்டும். சதுர மில்லிமீற்றருக்கு வினாடிக்கு 0.6 நியூட்டன் என்ற வேகத்தில் ஏற்றினால் அந்த எல்லையைத் தொட 42 வினாடிதான். நான்கு கிழமை காத்திருந்ததற்கு ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்துவிடுகிறது.

அவசரப்பட்டுப் பாரத்தை வேகமாக ஏற்றினால் எண் பொய்யாகக் கூடும். நடுவில் இல்லாமல் விலகினால் பொய்யாகக் குறையும். உடைந்த பிறகும் வேலை முடிவதில்லை. நான்கு பக்கமும் ஒத்தாற்போல் சிதறி, நடுவில் இடை சிறுத்த உருவம் நின்றால் பாரம் நேராக இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால் அந்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும். பயிற்சிக்கு வந்திருந்த பையன் திரையில் தெரிந்த எண்ணை எழுதப் போனபோது அந்தப் பெண் தடுத்தார்: “மொதல்ல ஒடஞ்ச கல்லப் பாருடா தம்பி, பொறவு எண்ணப் பாரு.”

பக்கத்து அறையில் கம்பிகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். 12 மில்லிமீற்றர் கம்பியின் வெட்டுமுகம் சுமார் 113 சதுர மில்லிமீற்றர். 500 தரக் கம்பியென்றால் சுமார் 56 கிலோநியூட்டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கவேண்டும். அதைத் தாண்டியதும் நீளத் தொடங்கி, ஓரிடத்தில் கழுத்துச் சிறுத்து, வேட்டுச் சத்தத்தோடு அறும். அறுவதற்கு முன் எவ்வளவு நீண்டது என்பதையும் அளக்கிறார்கள். நீளாமல் முறியும் கம்பி, வீடு விழப்போவதை முன்கூட்டி யாருக்கும் சொல்லாது.

இந்தத் தொழிலுக்குப் பழைய பரம்பரை உண்டு. ஸ்கொட்லாந்தின் டண்டி பகுதியில் பிறந்த டேவிட் கிர்கால்டி, 1874இல் இலண்டன் சதர்க் வீதியில் பரிசோதனைக் கூடத்தைத் திறந்தார். “உண்மைகளே, கருத்துகள் அல்ல” என்ற பொருள்பட வாசலுக்கு மேலே கல்லில் பொறித்து வைத்தார். 1879 டிசம்பரில் ஸ்கொட்லாந்தின் டே பாலம் ரயிலோடு விழுந்தபோது அதன் இரும்புப் பாகங்கள் அவரிடம்தான் சோதனைக்குப் போயின. விழுந்த பிறகு சோதிப்பது விசாரணை. விழுமுன் சோதிப்பதுதான் பாதுகாப்பு. இலங்கையில் 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கட்டடப் பொருள்களோடு மலைச்சரிவின் மண்ணையும் சோதிக்கிறது. மண்ணும் வலிமை கொண்ட ஒரு பொருள்தான். துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்திக் கொண்டிருக்கும்வரை சரிவு நிற்கிறது. மழைநீர் இடைவெளிகளில் நிறைந்து அழுத்தம் கூடும்போது அந்தப் பிடி தளர்கிறது. கொங்கிரீட் கியூப் எவ்வளவு தாங்கினாலும், அடியில் இருக்கும் மண் சோதிக்கப்படாவிட்டால் வீட்டுக்குப் பயனில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண் இதை நமக்குக் கொடூரமாகக் கற்பித்தது.

தொழிலைத் தொடங்க நினைப்பவர்களுக்கு வழி பல. தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், ஐந்தாம் ஆறாம் மட்டங்களில் டிப்ளோமா, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா, உயர் தேசிய பொறியியல் டிப்ளோமா எனப் படிகள் உள்ளன. உள்ளே வந்ததும் முதலில் கிடைப்பது மணல் சலிப்பது, அச்சுக் கழுவுவது, கியூப் சுமப்பது. பலர் அங்கேயே மனம் விட்டு விலகுகிறார்கள். நிலைப்பவர்கள் நியமங்களை வாசிக்கக் கற்கிறார்கள், இயந்திரம் சரியாகக் காட்டுகிறதா என்று அளவுதிருத்தம் பார்க்கக் கற்கிறார்கள், பிறகு அறிக்கையில் கையொப்பமிடும் தகுதிக்கு உயர்கிறார்கள். வளைகுடா நாடுகளிலும் இதே கைப்பழக்கத்துக்கு வேலை உண்டு. ஆங்கிலம் கொஞ்சம், கணக்கு கொஞ்சம், பொறுமை நிறைய வேண்டும் என்றார் மூத்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர். “பயந்து எண்ண மாத்துற ஆளுக்கு இந்த வேல சரிவராது சேர், அத மட்டும் எழுதுங்க” என்றும் சொன்னார்.

எழுதிவிட்டேன். அதோடு என் கோரிக்கையையும் எழுதுகிறேன். லயத்து அறைகளில் தலைமுறைகள் கழிந்த பிறகு, காணித்துண்டுகளில் 550 சதுர அடி வீடுகள் நம் மக்களுக்கு எழும்பி வருகின்றன. வீட்டுச் சாவியைக் கொடுக்கிற நாளில், அந்த வீட்டின் கொங்கிரீட், கம்பி, மண் பரிசோதனை அறிக்கைகளையும் தமிழில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்குகிற குடும்பம் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அந்த அறிக்கையை வாசித்து விளக்கவும், தேவைப்பட்டால் இது போதாது என்று எழுதிக் கையொப்பமிடவும் தோட்டத்திலிருந்தே பிள்ளைகள் வரவேண்டும். வலப்பனைப் பாடசாலைகளின் தொழில்நுட்பவியல் வகுப்புகளில் இன்று இருப்பவர்களிடம் ஆசிரியர்கள் இந்தத் தொழிலின் பெயரையாவது சொல்லி, ஒருமுறை ஓர் ஆய்வுகூடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டட்டும். நம் வீடு தாங்குமா என்ற கேள்விக்கு நம்மில் ஒருவரே அளந்து பதில் சொல்லும் நிலை அங்கிருந்துதான் தொடங்கும்.