ஏவன் ஆற்றங்கரை மரங்கள்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரின் பெயரிலேயே கிறிஸ்துவின் திருநாமம் ஒலிக்கிறது. நகரின் நடுவே ஏவன் ஆறு வளைந்து செல்கிறது. முதற் குடியேறிகளின் காலந்தொட்டு அதன் கரைகளில் வில்லோ மரங்கள் நிழல் பரப்பி வந்தன.

2011 பிப்ரவரி 22 அன்று நண்பகலில் பூமி அதிர்ந்தது. 185 பேர் மாண்டனர். கத்தோலிக்கரின் நற்கருணைப் பேராலயம் சிதைந்து, பின்னர் இடிக்கப்பட்டது. ஆற்றங்கரை மண் நீரோடு கலந்து குழம்பாகி, நிலம் தாழ்ந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளை அரசு விலைக்கு வாங்கி அகற்றியது.

இன்று அங்கே நடப்போர் காண்பது புல்வெளியே. எனினும், ஆங்காங்கே ஆப்பிளும் பிளம்மும் காய்த்து நிற்கின்றன. ஒரு வீட்டின் கொல்லை இதுவென்று சொல்ல அம்மரங்களே எஞ்சிய சாட்சிகள்.

தாழ்ந்த நிலத்தை வெள்ளத்தினின்று காக்கக் கரைகளை உயர்த்தியாக வேண்டும். கரைமேல் நிற்கும் பெருமரம் காற்றில் சாய்ந்தால் மண்ணையும் பெயர்த்துவிடும். பட்டுப்போனால், அழுகிய வேரின் வழியே நீர் புகும். ஆகவே, அதிர்ச்சியைத் தாங்கி நின்ற முதுமரங்கள் சிலவும் கோடரிக்கு இரையாக வேண்டியுள்ளது. உயிர்களைக் காப்பது கடமை, அதை மறுப்பாரில்லை. ஆனால் வீட்டை இழந்தவருக்கு மரமும் போவது இரண்டாம் இழப்பன்றோ?

கனி தராத அத்திமரத்துக்காக இன்னும் ஓராண்டு தவணை கேட்ட தோட்டக்காரரை நம் ஆண்டவர் உவமையில் காட்டினார். வெட்டும் முன் ஒருமுறை பரிந்து பேசுவதும், வெட்டியபின் நட்டு வளர்ப்பதும் நம் கடமையல்லவா?