இரண்டு அங்குலத் தண்ணீர்

எங்கள் வீட்டில் அந்த அறைக்கு நான்கு பெயர்கள். பாட்டி இருந்தவரை "கொல்லைக்குப் போறேன்" என்பாள், முதல் மாடி ஃபிளாட்டில் கொல்லை ஏது என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. அப்பாவுக்கு அது கக்கூஸ். அம்மாவுக்கு பாத்ரூம். அலுவலகத்தில் பழகிய வாயால் நான் ரெஸ்ட்ரூம் என்கிறேன். இதில் நாம் முகம் சுளிக்கும் சொல் அப்பாவுடையதுதான். ஆனால் அது டச்சு மொழியிலிருந்து வந்த சொல். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள் போய்விட்டார்கள், சொல் மட்டும் தங்கிவிட்டது.

போன வருடம் தை மாதம் அந்த அறையை நானே உடைத்தேன். முப்பது வயதை நெருங்கும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கும் ஒரு பெண் ஏன் பிரேக்கர் மெஷினைத் தூக்கினாள் என்று கேட்பீர்கள். சென்னையில் யாரும் தன் வீட்டுக் கழிவறையைத் தானே இடித்துக் கட்டுவதில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் கணவனும் மனைவியும் சிரித்துக்கொண்டே டைல்ஸ் ஒட்டுவார்கள். இங்கே அதற்கென்று எப்போதும் யாராவது ஒருவர் இருக்கிறார், கூலியும் நம் கைக்கு எட்டும் அளவில்தான் இருக்கிறது.

எங்களுக்கும் ஒருவர் இருந்தார். அப்பா மாநகரப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டர். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. மாசி முதல் வாரத்தில் ஆபரேஷன் என்று தேதி குறித்த டாக்டர், "வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அதை முதலில் மாற்றச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு குத்தவைத்து உட்காரவே கூடாதாம். ஒரு கொத்தனார் வந்து அளந்தார், 15,000 ரூபாய் முன்பணம் வாங்கினார், பொங்கலுக்கு ஊருக்குப் போனார். தை பிறந்தது, அவர் வழி பிறக்கவில்லை. இன்னொரு காண்டிராக்டர் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்டார், அதுவும் பங்குனியில்தான் முடியும் என்றார்.

எங்கள் கட்டடத்தின் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனின் மனைவியிடம் அம்மா இதைப் புலம்பினாள். அந்த அக்காவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சித்தாள் வேலைக்குப் போகிறவர் என்பதும் தெரியும். அவர் மாடிக்கு வந்து, பாத்ரூம் வாசலில் நின்று, சுவரை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

"பாப்பா, இத நானே பண்ணுவேன். கூட ஒரு ஆளு வேணும். நீ வரியா?"

அவர் 22 வருடம் சித்தாள். கலவை போட்டிருக்கிறார், செங்கல் சுமந்திருக்கிறார், டைல்ஸ் ஊறவைத்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். கட்டட வேலையில் ஆண் பையன் சித்தாளாக வந்தால் நாலைந்து வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். பெண் கடைசிவரை சித்தாள்தான், கூலியும் அதற்கேற்ற கூலிதான். "எத்தனை பாத்ரூம் கட்டியிருப்பீங்கக்கா?" என்று கேட்டேன். "கட்னதுன்னு யாரு சொன்னா? எடுத்துக் குடுத்தேன்" என்றார். கொத்தனார் கூலி என்று பேசிக்கொண்டோம். நான் அலுவலகத்தில் லீவு போட்டேன். அந்த மூன்று வாரத்துக்கு நான்தான் சித்தாள்.

எங்கள் கட்டடம் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம், 1986-ல் கட்டியது, எட்டு வீடுகள். பாத்ரூம் நாலடிக்கு ஏழடி. கீழ்வீட்டு ஹால் சீலிங்கில் ஆறு வருடமாக ஒரு ஈரத் திட்டு படர்ந்துகொண்டிருந்தது. அதனால் மேலோட்டமாக டைல்ஸை மாற்றினால் போதாது, தளம்வரை போக வேண்டும் என்றார் அக்கா. மாடி வீடுகளில் பாத்ரூமின் தளத்தை ஒரு அடி பள்ளமாக இறக்கித்தான் போடுவார்கள். அந்தப் பள்ளத்துக்குள் பைப்புகள் ஓடும், மீதியைச் செங்கல் துண்டும் மண்ணும் போட்டு நிரப்பி மேலே தரை போடுவார்கள். எங்காவது ஒரு இணைப்பு விட்டுப்போனால் அந்த ஒரு அடி முழுக்க வருடக்கணக்கில் அழுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் தோண்டியபோது கறுத்துப்போன செங்கல் துண்டுகள் ஸ்பாஞ்சு மாதிரி சொட்டின. அரைச் சாக்கு அரைச் சாக்காக 64 சாக்கு. மாடிப்படி வழியாக இறக்கி, குட்டியானையில் ஏற்றி அனுப்ப மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் என் தோள் என்னுடையதாக இல்லை.

அதைவிடக் கடினமான விஷயம் வேறொன்று இருந்தது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கழிவறை. காபிப்பொடி கடன் கேட்கலாம், ஏணி கடன் கேட்கலாம். கழிவறையை எப்படிக் கடன் கேட்பது? எதிர்வீட்டு மாமி ஆசாரம் பார்ப்பவர். அவரிடம் கேட்க அம்மா இரண்டு நாள் தயங்கினாள். மாமியே கதவைத் தட்டி ஒரு சாவியைக் கொடுத்தார். "ராத்திரில எல்லாம் பெல் அடிச்சிண்டு நிக்க வேண்டாம். நீங்களே தொறந்துண்டு வாங்கோ." அப்பாவுக்காக ஒரு பிளாஸ்டிக் கமோடு நாற்காலியும் வாங்கினோம். அம்மா மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். சாவி கையில் இருந்தும் நிறுத்தினாள். நான் கேட்டபோது, "தாகமில்லடி" என்றாள்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நாங்க காலைல எட்டு மணிக்கு சைட்டுக்குப் போனா சாயங்காலம் ஆறு வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டோம். எங்க போறது? ஆம்பளைங்க சுவரோரமா நிப்பாங்க." கட்டுமான இடங்களில் தொழிலாளர்களுக்குக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று 1996-ஆம் வருடச் சட்டமே சொன்னது. அக்கா வேலை பார்த்த அடையாறு, தி.நகர் அடுக்குமாடிகளில் வீட்டுக்கு மூன்று பாத்ரூம். அவர் எடுத்துக் கொடுத்த டைல்ஸ்தான் அவற்றில் ஒட்டியிருக்கிறது. தரை காய்ந்து வீட்டுக்காரர்கள் குடிவந்ததும் அந்தக் கதவுகள் அவருக்கு மூடிவிடும். இருபது வருடத்தில் மூன்று தடவை சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்.

பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டுக்குப் போய் கமோடு வாங்கினோம். சாதாரண உயரத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலான மாடல், முட்டி மடங்காதவர்களுக்கானது. எந்த டிசைன், எந்த நிறம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா கடைக்காரரிடம் கேட்ட ஒரே கேள்வி: "சுவத்துலேர்ந்து எவ்ளோ?" தரையில் இறங்கும் பைப்பின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 9 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். அதுவும் டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒரு அங்குலம் தின்னும், ஆகவே வெறும் சுவரிலிருந்து 10 வைத்து அளக்க வேண்டும். இந்த ஒரு அங்குலத்தில் பிசகினால் கமோடு உட்காராது, மறுபடி எல்லாம் உடைப்புதான். அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மூன்று தடவை அளந்தார்.

பழைய வார்ப்பிரும்புக் குழாயை எடுத்துவிட்டு நாலங்குல பி.வி.சி. போட்டோம். தளத்துக்கும் சுவரின் அடிப்பகுதிக்கும் வாட்டர் ப்ரூஃபிங் இரண்டு கோட்டிங். பிறகு வெளியேறும் வழிகளை அடைத்து, மூன்று அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் விட்டோம். சுமார் 200 லிட்டர். கீழ்வீட்டு அங்கிள் இரண்டு நாளும் சீலிங்கைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

சும்மா நிற்கும் அந்தத் தண்ணீரைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது இதே தெருவில் நான் லாரிக்குக் குடம் வைத்து நின்றிருக்கிறேன். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்து இறங்கியது செய்தியானது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் குளித்த தண்ணீரைப் பிடித்துவைத்துத்தான் கழிவறைக்கு ஊற்றினோம். இப்போது வாங்கிய தொட்டியில் இரண்டு பட்டன், மூன்று லிட்டர் அல்லது ஆறு லிட்டர். வீட்டில் எல்லோரும் சின்னதை அழுத்தப் பழகியிருக்கிறோம்.

சரிவு வைப்பதுதான் வித்தை. மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம், எல்லா மூலையிலிருந்தும் நஹானி டிராப்பை நோக்கி. ரசமட்டம், டியூப் லெவல் எல்லாம் வைத்துப் பார்த்த பிறகும் அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை மூலையில் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பார். தண்ணீர் எங்காவது தயங்கினால் அங்கே கலவையைச் சுரண்டுவார்.

டிராப் என்றால் என்ன என்பது அதுவரை எனக்குத் தெரியாது. குழாயில் ஒரு வளைவு. அந்த வளைவில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடையின் வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான், வேறு மூடி எதுவும் கிடையாது. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி லண்டனில் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். கழிவறை கொல்லையை விட்டு வீட்டுக்குள் வர முடிந்ததற்கு இந்த வளைவும் ஒரு காரணம். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் கழிவறை கடைசிக் கட்டில், பின்சந்தைப் பார்த்து இருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் ஆட்கள் வந்து கையால் அள்ளிப் போனார்கள். வீட்டுக்காரர் அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லாதபடி ஊரையே அப்படித் திட்டமிட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சந்து இன்னும் போய்விடவில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது 17-ஆவது நாள். கமோடு உட்கார்த்தி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கீழே காம்பவுண்டுக்குள் இருக்கும் சேம்பர் பொங்கியது. உங்கள் வீட்டு இடிபாடுதான் அடைத்துவிட்டது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். வேலை தொடங்கிய முதல் நாளே அக்கா பைப்பின் வாயைச் சாக்கால் அடைத்துப் பூசியிருந்தார். அதைச் சொன்னோம், யாரும் கேட்கவில்லை. அசோசியேஷன் செயலாளர் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டார். பிளம்பர் ஒரு ஆளைக் கூட்டிவந்தார். என் வயதுதான் இருக்கும். சட்டையைக் கழற்றி மதில்மேல் வைத்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை அது வந்த 2017-லேயே பார்த்தவள் நான். பார்த்துவிட்டு ஸ்டேட்டஸ் போட்டவள். திரையில் பார்த்த ஒன்று நம் வாசலில் சட்டையைக் கழற்றும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "இறங்க வேணாங்க" என்று சொல்லிவிட்டேன். செயலாளர், "அஞ்சடி ஆழம்தாம்மா, பத்து நிமிஷ வேலை" என்றார். சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு அந்த வாசனையையே உணராது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் ஆள் விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுகிறார். ஆழம் குறைவு என்பது இதற்குப் பதில் ஆகாது.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த முதல் சட்டம் 1993-ல் வந்தது. 2013-ஆம் வருடச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. முதல் தடவைக்கே இரண்டு வருடம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. இதையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டு போனேன். சிறை என்ற சொல்லில்தான் செயலாளர் நின்றார்.

சட்டையைக் கழற்றியவர் என்னிடம் கேட்டது வேறு. "அப்போ என் கூலிக்கா?" 800 ரூபாய் பேசியிருந்தார்களாம். அப்பா உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார், சட்டையை மாட்டிக்கொண்டார். "நீங்க வேணாம்னீங்க. நாளைக்கு வேற வீட்ல கூப்பிடுவாங்க" என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தகவல் மாதிரிதான் சொன்னார். எனக்கு அன்றும் அதற்குப் பதில் தெரியவில்லை, இன்றும் இல்லை.

மறுநாள் அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சும் வண்டி வந்தது. 4,800 ரூபாய், எட்டு வீட்டுக்கும் பங்கு போட்டு 600. ஒரு மணி நேரத்தில் வாதா மரத்தின் வேரும், நாப்கின்களும், ஒரு பனியனும் வந்தன. எங்கள் சிமெண்ட் ஒரு கட்டிகூட வரவில்லை. வண்டிக்காரரின் நம்பரை அப்பா ஒரு அட்டையில் எழுதி மீட்டர் பெட்டியின் கதவில் ஒட்டினார். கீழே அவருடைய கண்டக்டர் கையெழுத்தில் ஒரு வரி: ஆள் இறக்கக் கூடாது.

டைல்ஸ் முழுவதையும் ஒட்டியது அக்கா. கரண்டியை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் முதல் தடவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கச் சுவரில் கைப்பிடியைச் செங்கல்வரை ஆணி இறக்கிப் பொருத்தினோம். கதவை வெளிப்பக்கம் திறப்பதுபோல் மாற்றினோம். உள்ளே அப்பா தடுமாறி விழுந்தால் கதவு அவர்மேலேயே முட்டிக்கொள்ளக் கூடாதில்லையா. மொத்தம் 92,000 ரூபாய் ஆனது. ஆபரேஷனுக்கு நான்கு நாள் மிச்சமிருந்தது. மாமியின் சாவியை அம்மா ஒரு டப்பா ரவா லட்டோடு திருப்பிக் கொடுத்தாள்.

அக்கா மறுபடி சைட்டுக்குப் போகிறார், சித்தாளாகத்தான். தனியாக ஒரு பாத்ரூம் கட்டியிருக்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொன்னாராம், மேஸ்திரி சிரித்தாராம். என் போனில் இருக்கும் படங்களை அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். வேலை முடிந்த அன்று 14 டைல்ஸும் முக்கால் மூட்டை சிமெண்டும் மிச்சமிருந்தன. மந்தைவெளிப் பக்கம் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் பதினோரு குடும்பத்துக்கு இரண்டு கழிவறை. ஒன்றின் தரையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, சரிவு சரியில்லை என்றார். "இத எடுத்துக்கவா பாப்பா?" என்று கேட்டார். இருவரும் ஆளுக்கு ஏழு டைல்ஸாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். சொம்பை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.