நாசிக்கில் திராட்சையும் பிராந்தியும்

மும்பையிலிருந்து நாசிக் செல்லும் இருப்புப் பாதை, காசரா நிலையத்தைத் தாண்டியதும் மலை ஏறுகிறது. 37 அடிக்கு 1 அடி ஏற்றம்; ஆதலின் வண்டியின் பின்னால் துணை எஞ்சின்களைச் சேர்த்துத் தள்ளுகின்றனர். இகத்புரியை அடைந்தால் தக்காணத்துக் குளிர் காற்று முகத்தில் வீசும். சென்ற மாசித் திங்களில் அலுவலக நண்பர்கள் மூவர் இவ்வழியே சென்று, நாசிக் ரோடில் இறங்கித் திண்டோரிப் பக்கம் பேருந்து ஏறினோம்.

எங்கு நோக்கினும் திராட்சைத் தோட்டங்கள். பிரான்சில் இலையுதிர் காலத்தில் பழம் பறிப்பர். இங்கோ தை முதல் பங்குனி வரை அறுவடை. முன்னரே அனுமதி பெற்றிருந்ததால் ஓர் ஆலையைச் சுற்றிப் பார்க்க இயன்றது. பழச்சாற்றைப் புளிக்கவைத்தால் ஒயின்; ஒயினை வாலையிலிட்டு வடித்தால் பிராந்தி. அடிப்படை இவ்வளவே என்றார் வழிகாட்டிய அன்பர்.

பிறகு இரு சிறு கிண்ணங்கள் வந்தன. முதலாவது, மரத்தைத் தொடாத தெளிந்த வடிநீர். நுகர்ந்தால் பச்சைத் திராட்சை மணம்; நாவில் நெருப்பு. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் 'பிஸ்கோ' என்னும் பிராந்தி இவ்வாறே பீப்பாய் காணாதது. 3 மாதமேனும் சுவை மாற்றாத கலங்களில் ஆறவைப்பர். இரண்டாவது, ஓக் பீப்பாயில் சில ஆண்டு கிடந்தது. பொன்னிறம், உலர்ந்த திராட்சையும் வறுத்த பாதாமும் கலந்தாற்போன்ற மணம். சில துளி நீர் விட்டதும் காரம் தணிந்து மணம் விரிந்தது.

பிரான்சின் கோன்யாக் வட்டாரத்தில் செப்பு வாலையில் இருமுறை வடிப்பர்; ஆர்மன்யாக்கில் பெரும்பாலும் ஒருமுறையே, ஆதலின் அதன் மணம் சற்று முரடு. தின்னத் தித்திக்கும் பழம் இதற்கு உதவாது. புளிப்பு மிக்க பழமே வேண்டும். ஏறத்தாழ 9 லிட்டர் ஒயின் 1 லிட்டராகச் சுருங்கும். அதிலும் ஆண்டுதோறும் நூற்றுக்கு 2 பங்களவு பீப்பாயிலிருந்து ஆவியாகிவிடும். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்பர்.

இத்தனை பழமும் காலமும் செலவாகும் பொருள் மலிவாய்க் கிடைப்பது எங்ஙனம்? நம் நாட்டில் பிராந்தி என விற்பதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயமே. திராட்சைச் சத்து அதில் சிறு பங்கு. இதையன்றோ நம்மவர் இல்லங்கள் பலவற்றில் மருந்தென்று அலமாரியில் வைத்து, பிள்ளை பெற்றவளுக்கும் சளி பிடித்த குழந்தைக்கும் கரண்டியில் புகட்டுகிறோம்! திராட்சையில் வடித்ததாயினும் அது மருந்தன்று. குழந்தைக்கு ஒரு துளியும் ஆகாது என்பது மருத்துவர் துணிபு.

சட்டம் வகுத்த வயதினர் சுவையறிய விரும்பின், சீட்டில் 'திராட்சை பிராந்தி' என்றுள்ளதா, 'கலப்பு' என்றுள்ளதா எனப் படித்து வாங்குக. சிறிதளவே ஊற்றி, முதலில் நுகர்ந்து, பின்னர் அருந்துக. மருந்துப் பெட்டியிலிருந்து மட்டும் அப்புட்டியை இன்றே அகற்றிவிடுக.