புல்வெளி போன இடம்

ஆயுளில் பெரும்பகுதியைக் கனடா தேசத்தில் கழித்துவிட்டுப் பிறந்த ஊராகிய உதகமண்டலத்துக்கு இவ்வருஷம் திரும்பி வந்தபோது, என்னைக் காண வந்த உறவினர் அனைவரும் ஒரே குரலாய்ச் சொன்ன குறை, கோடையில் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதே. இரண்டு பருவமழைகளும் பெய்கிற, கண்ணுக்கெட்டிய தூரம் மரங்கள் அடர்ந்து நிற்கிற மலையில் இப்படி ஒரு பஞ்சமா என்று சமவெளி யாத்ரிகர்கள் ஆச்சரியப்படலாம். ஆனால் அந்த மரங்களையே விசாரித்துப் பார்ப்பது நல்லது.

நீலகிரியின் பூர்வ ஸ்வரூபம், மடிப்புகளில் சோலையும் சரிவுகளில் புல்லுமாக அமைந்தது. மழையைப் புல்லின் வேரும் அதனடியிலுள்ள கரிய மண்ணும் உறிஞ்சி வைத்து, கோடை முழுதும் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு ஈந்தன. 1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரம் முதலில் விறகுத் தேவைக்காகவே பரவிற்று. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் என்னும் சீகையும், பின்னர் பைன் மரமும் சேர்ந்துகொள்ள, சுதந்திரத்துக்குப் பிந்திய தசாப்தங்களில், புல்வெளியைத் தரிசாக மதித்த திட்டங்கள், ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டிச் சரிவு சரிவாக அதை மூடிவிட்டன. நீலகிரியின் கிளென்மார்கனில் புல்லும் சோலையுமாக விட்ட நீர்ப்பிடிப்பையும், பெரும்பகுதி கற்பூரம் நட்ட நீர்ப்பிடிப்பையும் அருகருகே வைத்து அளந்தவர்கள், நட்ட பகுதியில் நீர்வரத்து 1972 முதல் பத்தாண்டுகளில் 16 சதவீதமும், வெட்டித் துளிர்த்த அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறைய 25 சதவீதமும் குறைந்ததைக் கண்டார்கள். அந்த அளவைகளை வாசித்த பிறகு, என் உறவினரின் குறை எனக்குப் புதிராகத் தோன்றவில்லை.

இம்மலையின் பழங்குடியினராகிய தோடர்களின் மந்து என்னும் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, முதியவர் ஒருவர் எதிர்ச்சரிவைச் சுட்டி, "அங்கேதான் சாமி எங்கள் எருமை மேய்ந்தது, சீகைக்கு அடியில் புல் முளைக்குமா?" என்றார். கோயிலுக்கு வேயும் புல்லைத் தேடியும் இப்போது வெகுதூரம் போகிறார்களாம். எருமையையும் பாலையும் வழிபாட்டின் மையமாகக் கொண்ட ஒரு ஜனசமூகத்துக்கு மேய்ச்சல் நிலம் போவது, வருமானம் மட்டும் போவதன்று.

ஆயினும் கோடரியை எடுத்து அனைத்தையும் ஒரேயடியாய் வீழ்த்துவது நியாயமுமன்று, விவேகமுமன்று. இலை பொறுக்கிச் செப்புக் கொப்பரையில் தைலம் காய்ச்சுகிற குடும்பங்களுக்கும், விறகு சுமக்கிற ஸ்திரீகளுக்கும் இம்மரங்களே ஜீவனோபாயம். சீகையின் நிழலிலே சோலைக் கன்றுகள் தாமே தலைதூக்கும் இடங்களும் உண்டு. வெட்டிய இடத்தில் மண்ணில் பல்லாண்டு உறங்கிய சீகை விதைகள் முன்னிலும் நெருக்கமாய் முளைப்பதால், வெட்டுவது வேலையின் ஆரம்பமே. ஆண்டாண்டாய்க் கன்றைப் பிடுங்கி, நாட்டுப் புல்லை நட்டுக் காக்க வேண்டும். அந்நிய மரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-ல் வகுத்த கொள்கை வரவேற்கத்தக்கது. அவ்வேலைக்குரிய கூலி, தைலம் காய்ச்சுகிறவர்களுக்கும் தோடர்களுக்கும் முதலில் சேர வேண்டும், ஓடைத் தலைகளிலும் மேய்ச்சல் சரிவுகளிலும் அவ்வேலை முதலில் நடக்க வேண்டும்.

அயல்தேசங்களில் வாழும் என் போன்றோர், சொந்த ஊரின் நினைவாக மரம் நடப் பணம் அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. அன்பர்களே, அனுப்புமுன் அந்நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று கேளுங்கள். புல்வெளியென்று பதில் வந்தால், அங்கே மரம் நட ஒரு காசும் கொடுக்காதீர்கள்.