துண்டுக்கு அடியில் ஒரு பெட்டி

வெள்ளிக்கிழமை காலை, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற பஸ் குந்தாரப்பள்ளியில் நின்றால் ஆசாமிகள் ஏறுவதற்கு முன்னால் 'மே... மே...' சத்தம் ஏறிவிடும். வாரச் சந்தை ஸார்! ஆடு வாங்க ஆந்திராக்காரர், கர்நாடகாக்காரர் எல்லாம் டெம்போவோடு வந்து நிற்பார்கள். பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ முந்தின வெள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலையும் கலந்து ஒரு பாஷை ஓடும். ஆடுகள் மட்டும்தான் கலப்படமில்லாமல் பேசும்.

இந்த மாதிரி சந்தைகளில் பழைய தரகர்கள் விலை பேசுகிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு. அடியில் விரல்கள் பேசும். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை ஆயிரம் என்று கணக்கு. வாய் மட்டும், "உங்க பக்கம் மழை உண்டா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. எதற்கு இந்தச் சிதம்பர ரகசியம்? இவருக்கு என்ன விலைக்குக் கொடுத்தோம் என்பது அடுத்த பார்ட்டிக்குத் தெரிந்தால், அதற்கு மேல் ஒரு பைசா பெயராது. ரகசியம்தான் அங்கே முதல்.

அந்த ரகசியத்துக்கு வேட்டு வைக்க வந்தது கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. க்யூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பணம் விழுந்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிக்கும், அதேதான். போலி ஸ்கிரீன் ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவுகிற புண்ணியவான்களிடமிருந்து கடைக்காரனைக் காப்பாற்ற வந்த சாதனம். நல்ல சாதனம்தான். ஆனால் ஆட்டு வியாபாரி ஒருத்தர் அதை டெம்போ கண்ணாடியோரம் மாட்டிவைத்த அன்று நடந்ததைக் கேளுங்கள். ஒரு ஜோடி கிடாயைப் பேசி முடித்து, வாங்கினவர் ஸ்கேன் செய்தார். பெட்டி கணீரென்று, "பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்றது. பக்கத்தில் நின்றவர் திரும்பினார்.

"ஏன்யா, அவருக்குப் பதினெட்டரை, எனக்கு மட்டும் இருபத்திரண்டா?"

வியாபாரிக்கு வேர்த்துவிட்டது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். பெட்டி இருந்தது. சீட்டுக்குக் கீழே, நாலாய் மடித்த துண்டுக்கு அடியில்! முணுமுணுவென்று அது சொல்வதைக் காதை வைத்துக் கேட்டுக்கொள்கிறார். இதைவிட அழகாகத் தொழில்நுட்பத்தைத் தழுவிக்கொள்ள யாரால் முடியும்?

அந்த ஸ்டிக்கரின் பூர்வீகம் ஓசூர்க்காரர்களுக்குப் பிடிக்கும். அது காசு வாங்கப் பிறந்ததே இல்லை. ஜப்பானில் டென்சோ என்கிற கார் உதிரிபாகக் கம்பெனியில், 1994-ல் மசாஹிரோ ஹாரா என்ற என்ஜினீயரும் அவர் குழுவும் கண்டுபிடித்தார்கள். பழைய பார்கோடில் இருபது எழுத்து வைக்கவே திண்டாட்டம். பாகங்களோ ஆயிரக்கணக்கில். எனவே குறுக்கிலும் நெடுக்கிலும் கட்டம் போட்டு, ஏழாயிரம் எண்கள் வரை அடக்கிவிட்டார்கள். காப்புரிமையைக் காட்டி யாரிடமும் காசு பிடுங்கவுமில்லை. ஓசூரில் ஒரு பார்ட்ஸ் கம்பெனி ஸ்டோர்ஸில் தினம் பெட்டி பெட்டியாக ஸ்கேன் செய்கிற எனக்கு, சாயங்காலம் டீக்கடையிலும் அதே கட்டத்தைப் பார்த்தால் ஓவர்டைம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஆட்டு வியாபாரிகள் இதற்கு மாறியது ஃபேஷனுக்காக இல்லை. 2016 நவம்பர் 8, செவ்வாய் ராத்திரி, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆட்டைப் பழைய நோட்டுக்கு விற்பதா, திரும்ப ஓட்டிக்கொண்டு போவதா? அந்த வருஷம் ஏப்ரலில்தான் யு.பி.ஐ. வந்திருந்தது. அப்போது யாருக்கும் அது புரியவில்லை. பிறகு தேர்தல்கள். 2021-ல் சட்டசபை, 2024-ல் பார்லிமெண்ட். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் பறக்கும் படைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆடு விற்றதற்கு ஆடா ரசீது கொடுக்கும்? ராத்திரியில் மடியில் லட்சத்தோடு ஹைவேயில் போகிற பயம் வேறு. போன் பத்திரமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2025 ஜூலை வந்தது. கர்நாடகத்தில் வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவுகளை வருஷவாரியாகக் கூட்டிப் பார்த்து, ஆயிரக்கணக்கான சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரருக்கு, நாலு வருஷத்தில் 1.63 கோடி வரவு என்று சொல்லி 29 லட்சம் கேட்டு நோட்டீஸ். காய்கறிக்கு வரியே கிடையாதே! பெங்களூர்க் கடைகளில் ஸ்டிக்கரைக் கிழித்து, 'ரொக்கம் மட்டும்' என்று அட்டை மாட்டினார்கள். கடையடைப்பு அறிவித்தார்கள். பழைய பாக்கியைக் கேட்கமாட்டோம், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று முதல்வர் சித்தராமையா சொன்ன பிறகுதான் சூடு தணிந்தது.

அந்தச் சூடு நம் பக்கம் வர எத்தனை நேரம்? நான் சாப்பிடுகிற மெஸ்காரர் அன்றைக்கு ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பேசாம இதைப் பிச்சுப் போட்டுடலாமா?"

"பிச்சுட்டா வியாபாரம் குறைஞ்சிடுமாண்ணா?"

"அதெப்படி குறையும்?"

"அப்ப வரியும் குறையாதுண்ணா. வரி ஸ்டிக்கருக்கு இல்ல, வியாபாரத்துக்கு."

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பொருள் மட்டும் விற்கிறவருக்கு வருஷம் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். உயிருள்ள ஆட்டுக்கு வரியே இல்லை. ஆகவே துண்டுக்கார வியாபாரி நிம்மதியாகத் தூங்கலாம். சாப்பாட்டுக் கடையோ சேவையில் சேர்த்தி. அதற்கு எல்லை 20 லட்சம். 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 5,479 ரூபாய். அண்ணன் வெள்ளிக்கிழமை பிரியாணியில் மட்டுமே அதைப்போல் பல மடங்கு தாண்டிவிடுவார். லாபம் எவ்வளவு என்று சட்டம் கேட்காது, மொத்த விற்பனையைத்தான் பார்க்கும். இதற்கு ஒரு சுலப வழி உண்டு. 1.5 கோடி வரை விற்கிற ஓட்டல்காரர் 'காம்போசிஷன்' திட்டத்தில் சேர்ந்து 5 சதவீதம் கட்டினால் போதும். அதைப் பில்லில் ஏற்றி வசூலிக்க முடியாது, கைக்காசுதான். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. மிச்சமாகிறதே ஏதோ கொஞ்சம்.

இன்னொரு கூத்து. சீட்டுப் பணம், மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாத்து, மகள் சடங்குக்கு வந்த மொய் எல்லாமே கடை ஸ்டிக்கரில் விழுந்திருந்தது. நோட்டீஸ் போடுகிற கம்ப்யூட்டருக்கு மொய் என்று தெரியுமா? கடைக்குத் தனிக் கணக்கு, வீட்டுக்கு அண்ணியின் போன் என்று அன்றைக்கே பிரித்துவிட்டோம். ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டாயிற்று.

ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. எப்படிக் கிழிப்பார்? சந்தை நாளில் கோலார் டிரைவர் படியேறும்போதே "போன் பே இதியா?" என்கிறார். "இதே, பன்னி" என்கிறார் அண்ணன்.

பதிவு விஷயமாக ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னண்ணா சொன்னார்?"

"எல்லா வரவும் கணக்குல வரணும்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தார் தம்பி. ஃபீஸ் குடுக்க போனை எடுத்தேன். 'அதெல்லாம் வேணாம், கேஷா குடுங்க'ன்னுட்டார்!"