அப்பாவின் புல்லட்டுக்கு ஒரு வண்டி

டவுனில் இருப்பவர்களுக்கு ஒரு பைக்கை வேற ஊருக்கு அனுப்புவது ஒரு போனில் முடிகிற வேலை. ஆள் வந்து அட்டையும் சாக்கும் சுற்றி ஏற்றிக்கொண்டு போய்விடுவான். தாராபுரத்துப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளை வரைக்கும் அப்படி யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் கேட்கிற வாடகைக்குப் பழைய எக்ஸெல் ஒன்று வாங்கிவிடலாம்.

அப்பா போய் ஒன்றரை வருசம் ஆகிறது. போன மாசம் பாகம் பேசினோம். தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான், காட்டில் அவன் பங்குக்கு நான் பணம் கொடுக்கிறதாகப் பேச்சு. சுலபமாக முடிந்த பேச்சு இல்லைங்க. இரண்டு பேரும் முகம் பார்க்காமல்தான் எழுந்தோம். வாசல்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அந்த புல்லட்டை மட்டும் எனக்குக் குடுத்துருங்ணா" என்றான். வலது பக்கம் கியர் இருக்கிற பழைய வண்டி. ஓட்டத்தில் இல்லை, மாட்டுக்கொட்டகையில் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. கோயம்புத்தூர் சுமார் 80 கிலோமீட்டர்.

எல்லோரும் சொன்ன முதல் யோசனை, "உங்கட்டத்தான் டிராக்டர் டிரெய்லர் இருக்குதே!" அதைப் பார்த்தவர்கள் சொல்லலாம், அதில் தேங்காய் ஏற்றினவன் சொல்லமாட்டான். டன் கணக்கில் பாரம் தாங்குவதற்காகக் கட்டின பெட்டி அது. அடியில் இருக்கிற பட்டைகள் பாரம் ஏறினால்தான் வளைந்து கொடுக்கும். புல்லட் 160 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அந்தப் பட்டைக்கு அதெல்லாம் ஒரு கனமே கிடையாது. பெட்டி வெறும் பெட்டியாகவே துள்ளும், ஒவ்வொரு குழிக்கும் அடி நேராகப் பைக்குக்குத்தான் போகும். போதாததற்குக் கொக்கியில் மாட்டுகிற பின் ஆடும். டிராக்டர் மெதுவானால் டிரெய்லர் முட்டும், வேகம் எடுத்தால் வெட்டி இழுக்கும். மூட்டைக்கு அது தெரியாது. இரண்டு சக்கரத்தில் நிற்கிற சாமானுக்குத் தெரியும். டிராக்டர் போகிற வேகத்தில் பல்லடம் தாண்டவே மத்தியானம் ஆகிவிடும் என்பது வேறு.

லேத் பட்டறைக்காரர் ஒரு யோசனை சொன்னார். சின்னச் சக்கரம் இரண்டு, ஒரு அச்சு, நடுவில் பைக் நிற்க ஒரு சி-சேனல். ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தரையிலிருந்து தாழ்வாக இருக்கும், ஏற்றுவது சுலபம். ஆனால் ஒற்றை அச்சு டிரெய்லரில் கனம் எங்கே உட்காருகிறது என்பதுதான் எல்லாமே. அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுந்த வேண்டும். பின்னால் போய்விட்டால் வேகத்தில் வால் ஆட ஆரம்பித்துவிடும். கட்டை வண்டியில் பாரம் பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும் இல்லையா, அதே கணக்குதான். இன்னொன்று, சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும். ஒரு நாள் வேலைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற எனக்குத் தெம்பில்லை.

அடுத்து குட்டி யானை. டாடா ஏஸ் பெட்டி நீளம் 7 அடி 2 அங்குலம். புல்லட்டை டேப் வைத்து அளந்தால் ஏழடிக்கு ஒரு அங்குலம் குறைவு. டிரைவர் பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நிக்க வெச்சா இடிக்குமுங், வைக்கோலைப் போட்டுப் படுக்க வெச்சுக்கலாம்" என்றான். படுக்க வைத்தால் பெட்ரோல் ஒழுகும், பேட்டரித் தண்ணி கொட்டும், ஆயில் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும். இதைத்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னாள்:

"படுக்க வெச்சுக் கொண்டுபோக வேண்டாங்கண்ணு. அந்த வண்டி நின்னுட்டே போகட்டும்."

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வந்தது அப்படித்தான். அதற்கு மேல் அந்தப் பையனிடம் வாடகை பேசவில்லை.

வண்டி கிடைத்தது நினைக்காத இடத்தில். குண்டடத்துப் பக்கம் ஒரு மாமா ரேக்ளா மாடு வைத்திருக்கிறார். பந்தயத்துக்கு மாடு ஏற்றிப்போக ஒரு பிக்கப். பெட்டி எட்டடிக்கு மேலே. தரையில் கால் வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு, இரண்டு பக்கமும் பைப் கம்பி, கயிறு கட்ட வளையம், பின்னால் இறங்கும் சாய்வுப் பலகை. நிற்கிற உயிரை நிற்கிற மாதிரியே கொண்டுபோவதற்காக யோசித்து யோசித்துச் செய்தது. "மாட்டுக்குச் சரியா இருக்கறது இதுக்குச் சரியா இருக்காதா மாப்ள?" என்றார்.

ஏற்றுவது எங்களுக்குப் பெரிய வேலையாக இல்லை. வாய்க்கால் கரையில் பிக்கப்பைப் பின்னால் ஒட்டி நிறுத்தினால் கரையும் பெட்டியும் கிட்டத்தட்ட சமம். பெட்ரோலை வடித்துவிட்டு, முன்சக்கரத்தை முன்தகட்டில் முட்டவைத்து, நடுவில் தேங்காய் மட்டை அடைத்தோம். மெயின் ஸ்டாண்டு போடவில்லை, துள்ளலில் அது இறங்கிவிடும். கயிற்றை ஹேண்டில்பார் நுனியில் கட்டாமல் ஃபோர்க்கில் கட்டி, முன் ஸ்பிரிங் பாதி அமுங்குகிற வரைக்கும் இரண்டு பக்கமும் சமமாக இழுத்தோம். அமுங்கின ஸ்பிரிங் கயிற்றை விறைப்பாகவே வைத்திருக்கும். அப்படியும் பத்து கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தபோது ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. நிறுத்திப் பார்க்காமல் போகவே கூடாது.

நீங்கள் வண்டி பிடிக்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்: அந்தப் பக்கம் எப்படி இறக்குவது? சரவணம்பட்டி அபார்ட்மெண்டில் வாய்க்கால் கரை எங்கே இருக்கிறது? நல்லவேளை, சாய்வுப் பலகை இருந்தது. தம்பி, வாட்ச்மேன், மேல்மாடிப் பையன் ஒருவன், நான். மூன்று நிமிசத்தில் தரைக்கு வந்துவிட்டது. தம்பி மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெரியப்பா, வண்டியில சாணி வாசம் வருது" என்றாள்.

தம்பி கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். என்னைப் பார்க்காமல்தான் கேட்டான்: "பத்திரத்துக்கு எப்பங்ணா வரோணும்?"

ஆவணி பிறக்கட்டும் என்றேன். நேற்று போன் பண்ணினான். பார்க்கிங்கில் ஆயில் சொட்டுகிறது என்று அசோசியேஷனில் கேட்கிறார்களாம். அடியில் ஒரு பழைய தட்டை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.